ஒன்பது மணிக்கு வரும் நட்சத்திரம்

முதலில் அதைக் கேட்டவள் ரெஜினா.
ஒன்றேகால் நொடிக்கு ஒரு துடிப்பு,
பிசகாமல், இரவு ஒன்பதிலிருந்து விடியும்வரை.
புது பல்சாராக இருக்குமோ என்று
ஹெட்போனைக் கழற்றாமலே என்னைப் பார்த்தாள்.
ஆய்வுக்கு வந்து நாற்பது நாள் ஆகவில்லை,
அதற்குள் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள்.

போன வாரத்துப் பதிவுகளைப் புரட்டினேன்.
ஒன்பது. ஒன்பது. ஒன்பது.
ஞாயிறு மட்டும் ஒன்பது இருபது.

வானத்து மீனென்றால்
நாளுக்கு நாலு நிமிடம் முந்தி உதிக்கும்.
அதற்கு ஞாயிறு தெரியாது, டிவியில் படம் முடிந்ததும் தெரியாது.
இது கடிகாரம் பார்த்து வருகிறது என்றேன்.
அந்தப் பெயரை மட்டும்
அவள் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் கையில் ஓர் ஆண்டெனாவோடு
முத்தோரைச் சரிவில் இறங்கினோம்.
முதுகுக்குப் பின்னால் எங்கள் தொலைநோக்கி,
அரை கிலோமீட்டருக்கு எஃகுக் கம்பிகளை விரித்துக்கொண்டு.
பதினொரு பாகை அட்சரேகைக்குப்
பதினொரு பாகைச் சரிவு.
மலையே பாதி வேலையை முடித்துவைத்திருந்த இடம் இது.
மீதிப் பாதியை
ஒரு கேரட் தோட்டம் கெடுத்துக்கொண்டிருந்தது.

காட்டுமாட்டுக்காகப் போட்ட மின்வேலி.
விரிசல் விட்ட ஓர் இன்சுலேட்டர்
ஒன்றேகால் நொடிக்கொரு தரம் பொறி கக்கியது.
புதிது கோவையிலிருந்து வர நாலு நாளாகும்.
"அணைச்சிடலாம்" என்றார் போஜராஜ்,
"காட்டுமாட்டுக்கு நீங்க சொல்லிடுங்க."

நாங்கள் பார்த்தாக வேண்டியது வேலா.
லத்தீனில் கப்பற்பாய், போஜராஜுக்கு முருகன்.
"வேலா வர வேலியை அணைக்கணும், அவ்வளவுதானே?"
கடைசியில் பேரம் படிந்தது:
வேலி அணையும், காவலுக்கு எங்கள் ஆள் ஒருவர்.
ரெஜினாவுக்குக் கட்டுப்பாட்டு அறை.
எனக்கு ஒரு டார்ச், ஒரு பழைய எண்ணெய் டின்.
கைபேசியும் கூடாது, அதுவும் இரைச்சல்தான்.

தை மாதத்து உறைபனி
தழைகளின்மேல் உப்புப்போலப் பூத்திருந்தது.
தெற்கே குந்தா மலைமேல் அகத்திய மீன்,
அதற்குக் கிழக்கே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்
ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் அகலம்தான் இருக்கும்
ஒன்று, சூரியனைவிடக் கனமாக,
நொடிக்குப் பதினொரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாவது இரவு, இரண்டரை மணி.
முதலில் மூச்சுதான் வந்தது, வெள்ளையாக.
பிறகு கொம்பு.
டின்னைத் தட்டினேன்.
அது என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு
முதல் வரிசையில் தொடங்கியது.
கேரட் கடிபடும் சத்தம் அத்தனை பக்கத்தில்
அத்தனை நிதானமாகக் கேட்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
நானும் தட்டுவதை நிறுத்திவிட்டேன்,
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

விடிந்தும் விடியாமலும் ரெஜினா ஓடிவந்தாள்,
ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் அவளுடையது.
துடிப்பு முந்துகிறது என்றாள்.
மணிக்கு மூன்றரை மில்லிநொடி முந்துகிறது.
உள்ளே எதுவோ பிடிவிட்டு
மேலோட்டை ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது.
எப்போது என்றேன்.
"நம்ம கணக்குக்கு, ரெண்டரையை ஒட்டி.
அதோட கணக்குக்கு,
குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த காலத்தை ஒட்டி."

போஜராஜ் தேநீரோடு வந்து வரிசையைப் பார்த்தார்.
வெறும் குழிகள்.
"வேலா வந்தானா?"
"வந்தான். கொஞ்சம் சீக்கிரமாகவே."
"அப்ப சரி" என்றவர்
ஒரு வரிசைக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார்,
சந்தை விலைக்குக் குறையாமல்.

புது இன்சுலேட்டர் வந்துவிட்டது.
ஆனாலும் மெலிதாக ஒரு துடிப்பு ஒன்பதுக்கு எட்டிப்பார்க்கும்.
கணினி அதைக் கண்டதும் துடைத்துவிடும்.
துடைக்குமுன் நான் ஒருதரம் கேட்டுக்கொள்கிறேன்.
நேற்று ஒன்பது நாற்பது.
படம் நீளம்போல.